எதால் வகுப்பது

கிரீன் சர்க்கிளில் இருபது நிமிடம்.
பேருக்குப் பச்சை. எந்த வண்டியும் எஞ்சினை அணைக்கவில்லை.
இறங்கி நடந்தேன். தார் செருப்பைப் பிடித்துக்கொண்டது.

மூன்று கட்டடங்களின் புகையை நிறுத்து
வரிசைப்படுத்தித் தரச் சொல்லியிருக்கிறார்கள்.
புகை என்றால் எபிநேசர் சண்டைக்கு வருகிறார்.
ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அவர் பொறுப்பு.
"எங்கம்மா புகை? இங்க பீடி குடிக்கக்கூட இடமில்ல."
கண்ணுக்குத் தெரியாதது, அண்ணா.
"தெரியாததுக்கு எப்படி மார்க்கு போடுவீங்க?"

முதலில் ஜவுளிக்கடை, ஐந்து மாடி.
கண்ணாடி முகத்தை மேற்கே திருப்பி
மூன்று மணி வெயிலை உள்ளே கூப்பிட்டு
அதைத் துரத்த மாதாமாதம் கரண்டுக்குக் கட்டுகிறது.
வாசல் கதவு மூடுவதேயில்லை.
குளிர் வந்து விழுகிற இரண்டடி நடைபாதையில்
தனகோட்டி பூக்கூடையை வைத்திருக்கிறாள்.
மதியம்வரை மல்லி வாடாதாம்.
அந்த இரண்டடியை எழுத
என் அட்டவணையில் கட்டமில்லை.

அடுத்தது ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து லாட்ஜ்.
அறைக்கு ஐந்து பேர்.
மால்டாவிலிருந்து, துப்ரியிலிருந்து,
கையில் ஸ்கேன் உறையோடு.
மாடியில் குட்டி சிலிண்டர்கள், கடுகெண்ணெய் நெடி.
ஏசி அறை பன்னிரண்டு;
ஒன்பதில் ரிமோட்டை வாங்கவேயில்லை.
ரிமோட்டுக்கு நாளைக்கு முன்னூறு ரூபாய்.
தலைக்கு வகுத்தேன். முதல் பரிசு.
"சர்ட்டிபிகேட் ஏதாச்சும் வருமா மேடம்?
ரிசப்ஷன்ல மாட்டிடலாம்" என்றார் அன்வருல்லா.
முடியாமல் விட்டதும் வேண்டாமென்று விட்டதும்
எனக்கு ஒரே எண்ணாகத்தான் வருகிறது
என்று அவரிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி.
சதுர அடியால் வகுத்தால் கடைசி, சிவப்பு.
படுக்கையால் வகுத்தால் ஆரஞ்சு.
மயக்கவாயுவையும் சேர்த்தால் மறுபடி சிவப்பு.
தூங்கியவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்.
அவரைத் தூங்கவைத்தது
இன்னும் நூறு வருஷம் மேலே விழித்திருக்கும்.

எபிநேசரின் நோட்டில் மே பதினாலு:
இரவு 2.10 முதல் 3.40. டீசல் 62 லிட்டர்.
ஓரத்தில் பென்சிலால்: குழந்தை வார்டு ஓகே.
பெருக்கினேன். நூற்று அறுபத்தாறு கிலோ.
அன்றைக்குக் கண்ணாடிப் பெட்டிகள் ஒன்பது.
ஒன்றேகால் கிலோ பிள்ளைக்குப்
பதினெட்டரை கிலோ.
அந்த வரியைச் சிவப்பாக்கக்
கை போகவில்லை. ஆக்கினேன்.
எண் எண்தான்.

இதோடு முடித்திருப்பேன்.
நல்ல மனசோடு சிவப்பைக் கொஞ்சம் மன்னித்து
ஒரு அடிக்குறிப்பு எழுதியிருப்பேன்.
ஏசி மெக்கானிக்கின் ரசீதுகள் கிளிப்பிலிருந்து நழுவின.
ஒரே வருஷம். ஒரே மெஷின். நிர்வாக அலுவலகத்து மாடி.
கேஸ் நிரப்பியது நான்கு தடவை,
தடவைக்குப் பதினோரு கிலோ.
நாற்பத்துநாலு கிலோவும் எங்கே?
கசிந்த ஒரு கிலோ
இரண்டாயிரம் கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.
இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.
மே பதினாலைப் போல
ஐந்நூற்றைம்பது இரவுகள்.
இதை எந்தப் பிள்ளையால் வகுப்பது?
எந்தப் பூக்கூடையால்?

எபிநேசர் ஒன்றும் பேசாமல் மாடியேறினார்.
பின்னாலேயே போனேன்.
எதிரே மலை, மொத்தமும் பாறை,
பார்த்தாலே கண் சுட்டது.
பிளாஸ்டிக் மக்கில் துணி சோப்பைக் கரைத்து
செம்புக் குழாயின் முழங்கையில் தடவினார்.
உட்கார்ந்தோம்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு ஒரு குமிழி,
மெதுவாக, மூச்சுப் பிடித்தாற்போல்,
எலுமிச்சை அளவுக்குப் பெருத்து
வெயிலில் ஒரு கணம் ஏழு நிறமும் காட்டி உடைந்தது.
அதே இடத்தில் அடுத்தது கிளம்பியது.

"தெரியுது" என்றார்,
ஸ்பேனரைத் தேடிக்கொண்டே.