ஜெபக்குறிப்பு

வெள்ளிக்கிழமை இரவு எட்டரை.
தாராவி கிராஸ் ரோட்டில்
பத்துக்குப் பன்னிரண்டு அறையொன்றில்
பதினேழு பேர் முழங்காலில் இருந்தோம்.
மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள்,
என் சத்தம் எல்லோருக்கும் கேட்கட்டுமென்று.

நன்றாக ஜெபிப்பேன் என்று பேர் எனக்கு.
கண்ணீர் சரியான இடத்தில் வரும்.
ஆண்டவரே என்று கொஞ்சம் இழுத்தால்
பின்வரிசையில் ஒரு விசும்பல் நிச்சயம்.

அன்று சொன்னேன்:
ஆண்டவரே, சகோதரி கிருபாமணியின் மகனை
நினைத்தருளும்,
பிவண்டி கோடவுனில் கையாடிய பணத்தை
அவன் திருப்பிக் கட்ட
ஒரு வழி திறந்தருளும்.

ஆமென் வந்தது.
வருமுன் ஓர் இடைவெளி இருந்தது,
மூடிய இமை ஒருமுறை திறந்து மூடும் அளவு.
அதற்குள் எல்லோரும்
ஒருவரையொருவர் பார்த்து முடித்திருந்தார்கள்.
கிருபாமணி மட்டும் பாயின் கோரையைப் பார்த்தாள்.

ஆண்டவருக்குத் தெரியாததா?
அவருக்கென்றால்
பிவண்டி என்று விலாசம் சொல்லத் தேவையே இல்லை.

அவள் என்னிடம் சொன்னது ரயிலில்.
சயானில் ஏறும் ஏழு ஐம்பத்திரண்டு,
மகளிர் பெட்டி,
கம்பியைப் பிடித்த கைகளுக்குக் கீழே
வாயை என் காதோடு வைத்து,
குர்லாக் கூட்டம் ஏறுமுன்
சொல்லிவிட வேண்டுமென்ற அவசரத்தில்.
"ஜெபத்துல வச்சுக்கோக்கா."
வச்சுக்கோ என்றுதான் சொன்னாள்.
நான் எடுத்து வெளியே வைத்தேன்.

அடுத்த வெள்ளி அவள் வரவில்லை.
அதற்கடுத்த வெள்ளியும்.
"அவங்களுக்காக விசேஷமா ஜெபிப்போமா?" என்று
யாரோ ஆவலாய்க் கேட்டபோது
எனக்குக் குமட்டியது. அது என் குரல்தான்,
வேறொரு வாயில்.

சனிக்கிழமை போனேன்.
வழியெல்லாம் மன்னிப்பை எழுதிக்கொண்டே போனேன்.
முதல் பிரதியில் 'என் நோக்கம்' இரண்டு தடவை வந்தது.
அடுத்ததில் 'நீ தப்பா எடுத்துக்கிட்டே'.
மூன்றாவதில் ஒரு வேதவசனம் இருந்தது,
அவளை வாயடைக்க அது ஒன்றே போதும்.
சாக்கடைப் பலகையைத் தாண்டும்போது
மூன்றையும் விட்டுவிட்டேன்.

இரும்பு ஏணி ஏறி மேலே போனால்
கிருபாமணி கவரிங் தோடுகளை
அட்டையில் குத்திக்கொண்டிருந்தாள்.
குரோஸுக்கு ஒன்பது ரூபாய்.
வா என்று சொல்லவில்லை, போ என்றும்.
ஓர் அட்டைக் கட்டை
என் பக்கமாக நகர்த்தினாள்.

அட்டைக்கு இரண்டு துளை.
துளை தவறினால் தோட்டின் தண்டு விரலில் ஏறும்.
நான்கு முறை தவறினேன்.
பக்கத்து வீட்டில் மராத்திச் செய்தி,
கீழே யாருடைய குக்கரோ சீறியது.
எல்லாம் தகரமும் பலகையும்.
இங்கே ஒருவர் தும்மினால்
மூன்று வீடு தள்ளி 'நூறு' என்பார்கள்.
இப்படிப்பட்ட இடத்தில்
எட்டு மாதம் ஒரு விஷயத்தை
அவள் மூடிவைத்திருந்தாள்,
எப்படியென்று தெரியவில்லை.
எனக்கு ஒரு மூச்சு போதுமாயிருந்தது.

"தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.
அந்த இரண்டு சொல்லோடு
காரணம் எதுவும் ஒட்டிக்கொண்டு வந்துவிடாமல்
பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.
எண்பத்திரண்டு. எண்பத்து மூன்று.
"கொஞ்சம் மெதுவாக்கா.
தூங்குறான்."

அப்போதுதான் பார்த்தேன்,
மூலையில் போர்வைக்கு வெளியே
இரண்டு பாதங்கள். ஒன்றில் பிளாஸ்திரி.

கிருபாமணி இன்னும் கூட்டத்துக்கு வரவில்லை.
ஏழு ஐம்பத்திரண்டில்
என் கைக்குப் பக்கத்தில் அவள் கை கம்பியைப் பிடிக்கிறது.
குர்லா வரை ஒன்றும் பேசிக்கொள்வதில்லை.
போன வியாழன்
எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை முறை எனக்கு இப்போதும் வருகிறது.
ஒரு பெயர் நாக்கு வரை வந்தால்
ஆண்டவரே, உமக்குத் தெரியும்
என்று அங்கேயே விட்டுவிடுகிறேன்.
முன்போல அபிஷேகம் இல்லை என்கிறார்கள்.
இருக்கலாம்.
மின்விசிறியைப் போடச் சொல்லிவிட்டேன்.