பனிக்குக் கழிவு

சி டிரைவ் சிவப்பாகி மூன்று நாள்.
மாதக் கடைசி. இலைக் கணக்கை முடிக்க வேண்டும்.
நாற்பத்திரண்டு பேருக்குப் பட்டுவாடா.
சேமி என்று அழுத்தினால்
இடமில்லை என்கிறது
நான் ஒருவனே உட்காரும் கம்ப்யூட்டர்.

மச்சினன் கல்யாண வீடியோவை அழித்தேன்
(பந்தியில் ஒரு முதுகு, அவ்வளவுதான் அதில் நான்).
பழைய கரண்ட் பில்களை அழித்தேன்.
கமலாட்சி இறக்கி வைத்திருந்த
பிளவுஸ் டிசைன்களில் கை வைக்கத் தைரியமில்லை.
சிவப்பு அசையவில்லை.

ஒவ்வொரு ஃபோல்டராக எடை பார்த்து
கால்குலேட்டரில் கூட்டினேன்: நூற்றுப் பதினொன்று.
டிரைவ் சொல்வது இருநூற்று இருபத்தொன்பது.
இரண்டாம் தரம் கூட்டினேன்.
நூற்றுப் பதினெட்டு ஜிபி
யாருடையது?

பதினாறு வருடமாகத் தராசடியில் நிற்கிறேன்.
மழையில் பறித்த இலைக்கு
மூட்டைக்கு மூன்று கிலோ கழிப்பேன், தண்ணீருக்கென்று.
"தண்ணி எங்க இருக்கு, காட்டு"
ஒரு பிடி இலையை என் முகத்துக்கு நேரே உதறுவாள் நஞ்சியம்மாள்.
காட்ட முடியாது.
கழிக்கத்தான் முடியும்.

கோயம்புத்தூரில் இருக்கும் பெள்ளிராஜுக்குப் போன் போட்டேன்.
"மறைஞ்சிருக்கறதையும் காட்டுன்னு ஒரு கட்டம் இருக்கும் மாமா,
டிக் போடுங்க."
போட்டேன்.
பாதி உயிரோடு, வெளிறிப்போய்
சில ஃபோல்டர்கள் எழுந்து வந்தன.
ஒன்றின் பெயர் கரடி.

நான் வைத்த பெயர்தான்.
ஐப்பசியில், பேரி மரத்தடிக்குக் கரடி வருகிறதென்று
கோத்தகிரி பஜாரில் வாங்கி மாட்டிய கேமரா.
அசைந்தால் மட்டும் பிடிக்கும், சார்,
சும்மா இருந்தால் பிடிக்காது என்றார் கடைக்காரர்.

ஒன்பதாயிரத்துச் சொச்சம் படங்கள்.
திறந்தேன். பனி.
பேரி மரம் போகிறது, வருகிறது.
அடுத்தது. பனி.
துணிக்கொடியில் என் பனியன் ஒன்று
கரைந்து மறுபடி பனியனாகிறது.
இரவு பதினொன்று, பனி. இரண்டே கால், பனி.
வேலியைத் தாண்டி, அனுமதி கேட்காமல்
அசைந்து அசைந்து வந்திருக்கிறது
மூன்று மாதம், அத்தனை இரவும்.
இந்த ஊரில் சும்மா இருப்பது எது என்று
கடைக்காரரிடம் நான் கேட்டிருக்க வேண்டும்.

நாலாயிரத்துக்கு மேல் ஏதோ ஒன்றில்
கறுப்பாக, குனிந்து, பெரிதாக ஓர் உருவம்.
கமலாட்சியைக் கூப்பிட்டேன்.
அவள் கண்ணாடி போட்டுப் பார்த்து
"உங்க கம்பளி" என்றாள்.
கரடி வந்ததா என்று
டார்ச்சோடு பார்க்கப் போன நான்.
இருபது இரவுகளில் இருக்கிறேன்.
எல்லாவற்றிலும் மரத்தடியைத்தான் பார்க்கிறேன்,
ஒருமுறைகூட கேமராவை இல்லை.

கடைசிப் படம் ஞாயிறு மாலை ஆறு நாற்பது.
அதோடு டிரைவ் நிறைந்துவிட்டது.
அன்று ராத்திரிதான்
சமையல்கட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்து
எண்ணெய் டின்னை நக்கி, மாவைக் கொட்டி,
ஒரு பேரிக்காயைக்கூடத் தொடாமல்
போனது அது.

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். அழித்தேன்.
அழித்தபின்னும் தொட்டியில் கிடந்து இடம் பிடித்தது.
தொட்டியையும் கொட்டினேன்.
பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்தது.
கம்ப்யூட்டர் கொஞ்சம் மூச்சு விட்டதுபோல்
ஃபேன் சத்தம் தணிந்தது.
கூட்டிப் பார்த்தால் இன்னும் மூன்று ஜிபி உதைக்கிறது.
பெள்ளிராஜ் ஏதோ சிஸ்டத்துக்குள்ளது என்றான்.
இருக்கட்டும்.

இலைக் கணக்கைத் திறந்தேன்.
நஞ்சியம்மாள், திங்கள், நான்கு மூட்டை.
மூன்று மூன்றாகக் கழித்திருந்ததை
இரண்டு இரண்டாக்கினேன்.
ஃபாக்டரியில் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

பின்னால், ஆணியடித்த கதவுக்கு வெளியே
கேமராவின் சிவப்புப் பொட்டு எரிய ஆரம்பித்தது.
எழுந்து போய்ப் பார்க்கவில்லை.