கண்ணாடியில் ஒரு புள்ளி

சிலேத்தாரில் கிளம்பி ஏழாவது நிமிடம்.
கண்ணாடியில் ஒரு கறுப்புப் புள்ளி.
கொசு என்று நினைத்துக்
கைக்குட்டையால் துடைத்தேன்,
உள்பக்கம்.

நகர்கிற புள்ளி விலகிப் போய்விடும்.
நின்ற இடத்திலேயே நிற்பதுதான்
நம்மைத் தேடி வருவது.
தேர்வில் நான் சரியாக எழுதிய பதில்.

பக்கத்து இருக்கையில் ஹுய்மின்
ஜொகூர்ப் பாலத்து லாரிகளை
எண்ணிக்கொண்டிருந்தாள்.
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

புள்ளிக்கு இறக்கை முளைத்தது.

நான் மூக்கைத் தாழ்த்தினேனா
அதுவே விலகியதா, தெரியாது.
போர் விமானத்தின் சாம்பல் வயிறு,
அதில் ஓர் ஆணி வரிசை.
முழக்கம் பிறகுதான் வந்தது,
என் வயிற்றுக்குள்.

"எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்றாள் ஹுய்மின்.

இடைவெளி எத்தனை மீட்டர் என்று
கேட்கிறது படிவம்.
எழுதுகிறேன்:
கைக்குட்டை
இன்னும் கையில்தான் இருந்தது.