முதுகு

படத்தில் அவள் பெயர் நிலா.
நிலா என்று வைத்துவிட்டால்
எந்த ஊர், யார் மகள், எவ்வளவு கடன்
ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.
என் பெயர் ஆரோக்கிய டெல்பின்.
பாம்பன் தெற்குவாடி.
பாசியெடுக்கிற செபஸ்தியம்மாள் மகள்.
ராமநாதபுரம் காலேஜில்
இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனவள்.

நிலாவுக்கு நீச்சல் தெரியாது.
கேரவனில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தாள்.
நல்ல பிள்ளைதான்,
எனக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாள்.
கடலுக்குள் நடந்துபோக ஒரு முதுகு வேண்டுமென்று
மேனேஜர் கரையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.
"அந்தக் கிறுக்கி போவா"
வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள்
எங்கள் வீட்டைக் கைகாட்டினார்கள்.
ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். மதியச் சாப்பாடு.

கதையை ஒரு பையன் சொன்னான், ஃபைலைப் பார்த்து.
நிலாவுக்குப் பத்தொன்பது வயது.
நம்பியவன் அவள் போட்டோவை
நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறான்.
கண்ணாடி முன் நின்று முடியை வெட்டிக்கொள்கிறாள்,
மெதுவாக, வயலினோடு.

நான் வெட்டியது கணவாய் அறுக்கிற கத்தியால்,
விடியக்காலை மூன்று மணிக்கு.
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
ஏர்வாடியில் இருபத்தொரு நாள் தங்கினோம்,
தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள்.
ஓரியூரிலிருந்து செம்மண் ஒரு பொட்டலம் வந்தது.
பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா
"தூக்கம் வருதா?" என்று மட்டும் கேட்டு
மாத்திரை எழுதினாள்.
மூன்றில் எது கேட்டதென்று
வீட்டில் இன்னும் சண்டை.

"திரும்பி வர்ற நினைப்பே இல்லாம நடக்கணும்.
தெரியுமாம்மா?" என்றார் இயக்குநர்.
தெரியும் என்றேன்.
லைட் ஸ்டாண்டுக்குப் பின்னால்
விரல்களில் துணி சுற்றியபடி அம்மா.
சுற்றினாளே தவிர
அன்றைக்கு அவள் பாசிக்குப் போகவில்லை.

தென்கடல். கச்சான் ஓய்ந்திருந்த நேரம்.
முழங்காலளவில் தாழை காலைச் சுற்றும்,
இடுப்பளவில் கல் தொடங்கும்.
கட். திரும்பி வா.
மேகம் மறைக்குது, திரும்பி வா.
பின்னால் ஒரு வல்லம் வந்துவிட்டது,
திரும்பி வாம்மா.
ஒரே மஞ்சளில் நாலு சுடிதார் வைத்திருந்தார்கள்.
துவட்டி, காய்ந்ததை மாட்டி, மறுபடி.

திரும்பி வா என்று என்னை
இத்தனை பேர் கூப்பிட்டது கிடையாது,
அதுவும் மைக் வைத்து.

ஒன்பதாவது டேக்கில்
கட் சொன்னது கேட்டும் நிற்கவில்லை.
கல்லுக்கு அந்தப்பக்கம் மணல்திட்டு,
கணுக்கால் தண்ணீர்தான்.
நீந்திப் போய் ஏறி நின்றேன்.
கரையிலிருந்து பார்த்தால்
நடுக்கடலில் ஒருத்தி எழுந்து நிற்கிறாள்.
ஃபைல் பையன் ஷூவோடு ஓடிவந்து
தாழையில் தடுக்கி விழுந்தான்.
அம்மாவுக்குத் திட்டு தெரியும், ஓடவில்லை.
ஆனால் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

பசித்தது. அதுதான் ஞாபகமிருக்கிறது.
சாப்பாட்டுக்குப் பிரியாணி என்று சொல்லியிருந்தார்கள்.
அவர்கள் கத்திக் கத்தி ஓய்ந்தபிறகு,
யாரும் கூப்பிடாத ஒரு நேரத்தில்,
நானாகத் திரும்பி நீந்தினேன்.

ராமநாதபுரத்தில் படம் ஆறு நாள் ஓடியது.
ஐந்தாம் நாள் நாங்கள் பஸ்ஸில் போனோம்.
இடைவேளைக்கு அப்புறம்
நிலா கடலுக்குள் போகிறாள்.
ஐந்து நொடி. வரவே இல்லை.
அடுத்த காட்சியில் அவளுடைய அப்பா அழ
முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.
இருட்டில் அம்மா என் முதுகைத் தடவினாள்,
தோள்பட்டைக்குக் கீழே, வேகவேகமாக,
செதிள் போயிற்றா என்று மீனைத் தடவுகிற மாதிரி.
"அது ரெண்டாவதா எடுத்தது" என்றாள் காதில்.
"அப்ப வெயில் இந்தப் பக்கம் இருந்துச்சு."

வெளியே வந்து புரோட்டா சாப்பிட்டோம்.
உச்சிப்புளி தாண்டுவதற்குள் அம்மா தூங்கிவிட்டாள்.
பாலத்தில் காற்று அறைந்தது.
ஜன்னலை மூடவில்லை.
என் கடல்கண்ணாடிக்கு ரப்பர் வார் அறுந்து கிடக்கிறது,
மாற்ற வேண்டும்.