மேற்குச் சுவர்

அரிசி ஆலையில் கணக்கெழுதுகிறவள் நான்.
உமிக்குத் தனிப் பக்கம், தவிட்டுக்குத் தனிப் பக்கம்.
புதுவயலில் மூன்று சென்ட் கிரயமான அன்று
நிழலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

சித்திரை ஏழு, பிற்பகல் மூன்று மணி:
பக்கத்து மனை வேம்பு, வேலி தாண்டிப் பதினோரு அடி.
ஆனி இருபது, அதே மணி: பத்தரை.
ஐப்பசியில் மழை விட்ட நாள்களில் மட்டும்: பதினாறு.
ஒரு வருஷம் இப்படி
டேப்பும் கையுமாக நின்றதைப் பார்த்து
மனைத் தகராறு என்று நினைத்தது தெரு.

வாடகை வீடு காரைக்குடியில், மேல்மாடி.
இரவு பதினொன்றுக்கும் சுவர் தணியாது.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப்போல்
புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன்.
மேலே மின்விசிறி
பகலில் வாங்கிய வெயிலைச் சில்லறையாக இறைக்கும்.

முதல் பிளானை அந்த வீட்டு
கரண்ட் ரசீதின் முதுகில் வரைந்தேன்.
நானூற்று எண்பது சதுரடி. பதினோரு லட்சம்.
அதில் ஒன்றரை என் கழுத்திலிருந்து.
தெற்கிலும் வடக்கிலும் சன்னல்,
காற்று வந்த வழியே திரும்பாமல் இருக்க.
படுக்கை மேற்கே.
அங்கேதான் வேம்பு இருக்கிறதே.

இன்ஜினியர் சாத்தப்பன் சொன்னார்:
"முகப்புல கண்ணாடி வச்சா ஊரே நின்னு பாக்கும்மா."
"பாக்குற ஊரு பில்லு கட்டுமா தம்பி?"
பென்சிலை மூடி வைத்தார்.
(பென்சிலுக்கு மூடி உண்டென்று அன்றுதான் பார்த்தேன்.)

கடைக்கால் கோடு போட்ட மறுவாரம், வியாழக்கிழமை,
ஆலையிலிருந்து வந்தால் வானம் அதிகமாக இருந்தது.
வேம்பை வெட்டியிருந்தார் வயிரவன் அண்ணன்.
இலைக் குப்பை என்றார்.
மகள் கல்யாணம் என்றது தெரு.
அவர் மரம், அவர் மண்.
அதன் நிழலுக்கு நான் ஒரு மாத வாடகையும் கொடுத்ததில்லை.
எதைச் சொல்லிச் சண்டைக்குப் போவது?

அன்றிரவு நிழல் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்தேன்.
சேவுகன் மட்டும், பேசாமல்,
ரசீதைத் திருப்பிப் போட்டுப்
படுக்கையைக் கிழக்கே இழுத்தார்.
குளியலறையும் படிக்கட்டும் மேற்கே போயின.
வெயில் அங்கே இறங்கட்டும், துணியாவது காயும்.
கோடு மாற்றியதில் இரண்டு நாள் கூலி நட்டம்.

மேற்குச் சுவர் மட்டும் பாக்கி.
செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி
நடுவே பொந்து விடும் எலிப்பொறிக் கட்டு.
"பொந்தா? பாம்பு குடியேறுனா?"
கேட்டார் அடைக்கலம் கொத்தனார்.
கேட்டுவிட்டுக்
கலவை இல்லாமல் தரையில் இரண்டு வரி அடுக்கினார்,
கலைத்தார், எண்ணினார், மறுபடி அடுக்கினார்.
நாலு கல்லுக்கு ஒரு கல் மிச்சம்.
"அப்ப உள்ள வைக்கிற காத்துக்குக் கூலி யாரு தர்றது?"
டீ வாங்கிக் கொடுத்தேன்.

கூரைக்கு உடைந்த வெள்ளை டைல்ஸ்,
மூட்டை நாற்பது ரூபாய்,
சேவுகனின் டி.வி.எஸ்ஸில் ஏழு நடை.
மழைக் குழாயைத் தொட்டியில் விட
இந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுபடி சித்திரை ஏழு. மூன்று மணி.
வெளியே தொட்டேன், கை பொறுக்கவில்லை.
உள்ளே வந்து அதே இடத்தில் புறங்கையை வைத்தேன்.
குளுகுளு என்று பொய்க்கணக்கு எழுத மாட்டேன்.
காய்ச்சல் இறங்கிப் பிள்ளை
கஞ்சி கேட்கிற சூடு.

முதல் பில்: நூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
நூறு வரை இலவசம். பன்னிரண்டு கூடிவிட்டது.
அவர் கிரைண்டரைச் சொல்கிறார், நான் டிவியை.

காலை ஏழு மணிக்கு
எங்கள் மேற்குச் சுவரின் நிழல்
வயிரவன் அண்ணன் மனையில்தான் விழுகிறது,
அடிமரம் வரைக்கும்.
இரண்டு ஆடுகளை அதில் கட்டியிருக்கிறார்.
ஒன்று சினை.

எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.