இரண்டே கால் சுற்று

எல் ஆல்ட்டோ. விடிய இன்னும் நேரம் இருக்கிறது.
காற்று கடனுக்குக்கூடக் கிடைக்காத உயரம்.
டெல்ஃபின் சோக்கேயின் மினிபஸ்
என் பட்டறை வாசலில் நின்றபடியே
மூச்சிரைக்கிறது:
ஆயிரத்தைந்நூறு, அறுநூறு, ஆயிரத்தைந்நூறு.
"சிக்னலில் நின்றால் செத்துப்போகிறது, டோன்யா எலூத்தேரியா.
செத்த வண்டியில் யார் ஏறுவார்கள்?"

ஜப்பானில் யாருக்கோ உழைத்துக் களைத்த வண்டி.
ஸ்டீயரிங்கை இடப்பக்கம் மாற்றியவர்கள்
வைப்பரை அப்படியே விட்டுவிட்டார்கள்.
அது இன்னமும்
இல்லாத டிரைவருக்குத்தான் கண்ணாடி துடைக்கிறது.

த்ராட்டில் பக்கத்தில் ஒரு திருகு,
தலை மழுங்கி.
"ஆறு மெக்கானிக் திருகியாகிவிட்டது" என்கிறான்,
பெருமையா புகாரா தெரியவில்லை.

கார்புரேட்டர் காலத்து ஆட்கள்.
திருகைக் கண்டால் கை சும்மா இராது.
இதில் பெட்ரோலை நான் தொடவே முடியாது;
டாஷ்போர்டுக்கு அடியில் உட்கார்ந்து
கம்ப்யூட்டர் அளந்து ஊற்றுகிறது.
இந்தத் திருகு கூட்டுவதும் குறைப்பதும்
வெறும் காற்றை.
அதுவும் இந்த ஊரில்!

சோதனைப் பெட்டியின் மூடி திறந்து
இரண்டு துளைகளைப் பேப்பர் கிளிப்பால் கோக்கிறேன்.
கம்ப்யூட்டர் கையைக் கட்டிக்கொள்கிறது.
இனி என்ஜின் தன் சொந்தப் புத்தியில் நிற்க வேண்டும்.
நிற்கவில்லை.

ரேடியோவை அணைக்கச் சொன்னேன்.
ஸ்ஸ்ஸ்.
பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாயில்
நகக்கண் அளவு வெடிப்பு.
கட்டைவிரலால் பொத்தினேன்,
விரலை உள்ளே இழுத்தது.
முள் விழுந்தது, ஐந்நூறு, நானூறு,
அணைந்தது.

ஆக,
திருடனை விட்டுவிட்டு
வீட்டுக்காரனின் கழுத்தை நெரித்திருக்கிறார்கள் ஆறு பேரும்.

புதுக் குழாய், பன்னிரண்டு பொலிவியானோ.
திருகை முழுக்க அடைத்து, அங்கிருந்து எண்ணித் திறந்தேன்.
ஒன்று. இரண்டு. அப்புறம் ஒரு கால்.
எழுநூற்றைம்பது.
கிளிப்பை உருவியதும் கம்ப்யூட்டர் விழித்து
தன் பங்குக்கு முப்பது சேர்த்தது. சேர்க்கட்டும்.

டெல்ஃபின் குனிந்து காது வைத்தான்.
"ஓடுகிறதா?"
பிறகு, எதிர்பார்த்ததுதான்:
"இன்னும் துளி குறைத்தால் பெட்ரோல் மிச்சமாகாதா?"

திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டேன்.
கிரீஸ் ஏறிய என் நகங்களில்
ஒருநாளும் நிற்காத சிவப்புப் பாலிஷ்,
புட்டியோடு கருவிப் பெட்டியில்தான் கிடக்கிறது.
திருகின் தலையில் ஒரு சொட்டு வைத்தேன்.
ஏழாவது ஆள் கை வைத்தால் தெரிந்துவிடும்.

அது காய்வதற்குள்
அவன் மகள் வாரா படியில் தொற்றிக்கொண்டு
ஒரே மூச்சில் கத்தினாள்:
சேஹாபேரெஸ்பிராடோசான்பெத்ரோ.
முள் அசையவில்லை.
மூன்று பேர் ஓடிவந்து ஏறினார்கள்.
குழாய்க் காசைக் கேட்க மறந்துவிட்டேன்.