அரை மூடை மணல்

போயா நாள். கந்தோர் பூட்டு.
குறுமண்வெளித் துறையில்
கிருபைராசாவிடம் தோணி கேட்டேன்.
"மீனுக்கா?"
இல்லை.
"மண்டூருக்கா? அதுக்குத்தான் பாதை ஓடுதே."
இல்லை.
"மறுகா என்னத்துக்கு?"
சும்மா என்றேன்.
அந்தச் சொல்லைக் கள்ளநோட்டுப்போல
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

தனி ஆள் பின்னால் இருந்தால்
தோணி மூக்கைத் தூக்குமாம்.
யூரியாப் பையில் அரை மூடை மணல் கட்டி
அணியத்தில் இருத்தினார்.
"இது ஒரு ஆள் கணக்கு.
கையை மட்டும் தண்ணிக்குள்ள விடாத மனே,
முதலைக்குப் போயா தெரியாது."

எங்கள் ஊரில் பாதை என்றால் மிதப்பது.
இரண்டு மோட்டார் சைக்கிள், ஓர் ஐஸ்பெட்டி,
கோயிலுக்குப் போகும் ஒரு குடும்பத்தோடு
என்னைக் கடந்தது.
ஒரு பிள்ளை கையசைத்தது.
தாய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.
தோணியில் தனியே ஒரு பொம்பிளை,
என்ன சங்கதியோ.

பிறகு சத்தம் ஓய்ந்தது.
சவள் இறங்கும்போது ஒன்று,
ஏறும்போது சொட்டுச் சொட்டாய் நாலைந்து.
கிண்ணை மரங்களின் கீழ்
தண்ணீருக்குத் தேயிலைச் சாயம்.
ஒரு நீர்க்காகம் சிறகு விரித்துக் காய்ந்தது,
என் வருகையை எந்தக் கோப்பிலும் பதியாமல்.

நேர் எதிரே மணல் மூடை.
வாய் கட்டி, முதுகு கூனி.

எனக்கு நாற்பத்திரண்டு வயது.
மணல் மூடை என்றால்
பின்னால் இரண்டு கண் இருக்கும் என்று
பழகிய கழுத்து இது.
பள்ளிக்கூடம் போகும் வழியில்
சைக்கிளை விட்டு இறங்கி
உருட்டிக்கொண்டு நடந்த இருபது யார்.
இப்போதும், இந்த நடு ஆற்றிலும்,
அடையாள அட்டையைக் கை தேடியது.
இருந்தது.
பொலித்தீன் பைக்குள், போனோடு,
உப்புத் தடவிய கொய்யாக்காயோடு.

கொய்யாவைத் தின்றேன்.
பிறகு முன்னால் தவழ்ந்து போய்
மூடையின் கட்டை அவிழ்த்தேன்.
ஏன் என்றால்,
கிருபைராசாவுக்குச் சொன்னதைத்தான் சொல்வேன்.
ஒரு பிடி அள்ளி
விரலிடுக்கால் விட்டேன்.
புகைபோல இறங்கிக் கலைந்தது.
இன்னொரு பிடி.
சின்ன மீன்கள் சாப்பாடென்று வந்து
ஏமாந்து திரும்பின.
கை தண்ணீருக்குள்தான் இருந்தது.
முதலை வரவில்லை,
அல்லது வந்து, பார்த்து, போயிற்று.

மூடை மெலிய மெலிய
அதையும் இழுத்துக்கொண்டு பின்னால் வந்தேன்,
சாண் சாணாக.
கடைசிப் பிடி தீர்ந்தபோது
தோணியின் சரி நடுவில் முழங்காலில் நின்றேன்.
மூக்கும் தூக்கவில்லை, வாலும் தாழவில்லை.
கிருபைராசா ஒருநாளும்
நடுவில் இருந்து பார்க்கவில்லையாக்கும்.

பதினொரு மணிக்குக் கச்சான் எழும்பியது.
அதோடு சும்மா முடிந்தது.
பாரமில்லாத தோணி காற்றுக்குச் சுற்றியது.
இரண்டு தரம் ஆற்றுவாழைக்குள் சொருகியது.
உள்ளங்கை கொப்புளித்தது.
மூடை இருந்திருக்கலாம் என்று
நினைத்தேன்தான், பொய் சொல்லவில்லை.

துறையில்,
"மணல் எங்க?"
வெறும் பையை நாலாய் மடித்து நீட்டினேன்.
ஆத்துக்குள்ள.
"ஆத்து மண்தானே" என்று உதறினார்.
மிச்சமிருந்த கொஞ்சம் என் காலில் கொட்டியது.
"அடுத்த போயாவுக்கும் வேணுமா?"
தோணியையா, மணலையா என்று
அவர் சொல்லவில்லை.